அந்த நூறு சதுர அடி யாருக்கு?

கேள்வி: எனக்கு 43 வயது. திருப்பூரில் பத்து மெஷின் வைத்து ஜாப் ஒர்க் தையல் யூனிட் நடத்துகிறேன். வங்கிக் கடன் வாங்கி 1,200 சதுர அடி மனையில் வீடு கட்டியிருக்கிறேன். பத்திரம் என் பெயரில் இருக்கிறது. மனைவி, 13 வயது மகள், 8 வயது மகன். அம்மாவும் தங்கையும் எங்களோடு இருக்கிறார்கள். தங்கை கணவரை இழந்தவர், குழந்தை இல்லை, பனியன் கம்பெனியில் வேலை பார்த்துச் சேமித்து வருகிறார். அண்ணன் தனியாக இருக்கிறார், பேச்சுவார்த்தை குறைவு. அப்பா இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. அவர் வாங்கிய ஒன்றரை ஏக்கர் ஊரில் இன்னும் அவர் பெயரிலேயே கிடக்கிறது. சென்ற மாதம் நண்பர் ஒருவர் விபத்தில் இறந்ததும் எனக்கு உயில் நினைப்பு வந்தது. வீட்டில் சொன்னேன். மனைவி அழுதுவிட்டார். தன்னை ஒதுக்கப் போகிறேன் என்று நினைத்து அம்மா முகம் கொடுத்துப் பேசவில்லை. உயில் எல்லாம் வசதியானவர்களுக்குத்தானே? எல்லாவற்றுக்கும் நாமினி போட்டிருக்கிறேன், அது போதாதா? இல்லை, வீட்டை இப்போதே மனைவி பெயருக்கு எழுதிவிடலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரருக்கு, வணக்கம்.

உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அப்பா வாங்கிய நிலம் ஒன்பது வருடமாக அவர் பெயரிலேயே கிடக்கிறது என்று. கிடக்கிறது என்ற சொல்லை நீங்கள் யோசித்துப் போட்டீர்களோ இல்லையோ, மிகச் சரியான சொல். அந்த நிலத்தை விற்க முடியாது, அதன் மேல் கடன் வாங்க முடியாது, கிணறு வெட்டுவதென்றாலும் நான்கு பேர் ஒத்துக்கொள்ள வேண்டும். அந்த நான்கு பேரில் இருவருக்குள் பேச்சுவார்த்தை குறைவு. உங்கள் அப்பா யாருக்கும் தீங்கு நினைத்தவராக இருக்க மாட்டார். எழுதாமல் போனார், அவ்வளவுதான். உங்கள் பிள்ளைகள் 2040-இல் உங்களைப் பற்றி இதே வரியை எழுத வேண்டாம் என்பதற்காகத்தான் இந்த நீண்ட பதில்.

உயில் எழுதாதவருக்கு உயில் இல்லை என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. நீங்கள் எழுதாவிட்டால் உங்களுக்காக நாடாளுமன்றம் 1956-லேயே ஒன்றை எழுதி வைத்திருக்கிறது. இந்து வாரிசுரிமைச் சட்டம் என்று அதற்குப் பெயர். அதில் உறவுமுறைகள் உண்டு. உங்கள் வீட்டு மனிதர்கள் கிடையாது. யார் உங்களைப் பார்த்துக்கொண்டார்கள், யாருக்கு எவ்வளவு தேவை என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. தலையை எண்ணிப் பிரிக்கும்.

உங்கள் வீட்டுக்கே அந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஆண் ஒருவர் உயில் இல்லாமல் இறந்தால் முதல் வகை வாரிசுகள் அவருடைய மனைவி, மகன், மகள், தாய். நால்வருக்கும் சம பங்கு. 1,200 சதுர அடியில் ஆளுக்கு 300. உங்கள் மனைவி அந்த வீட்டின் சொந்தக்காரி அல்ல, கால் பங்குக்காரி.

பிள்ளைகளின் 600 சதுர அடியை எடுத்துக்கொள்ளுங்கள். இருவரும் மைனர்கள். மைனரின் அசையாச் சொத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ பெற்ற தாயே ஆனாலும் நீதிமன்றத்தின் முன் அனுமதி வேண்டும். இதுவும் 1956-இல் வந்த இன்னொரு சட்டம். நீங்கள் இல்லாமல் போய், யூனிட்டும் ஓடாமல், கடன் தவணை கட்ட முடியாத நிலை வந்தால் உங்கள் மனைவி வீட்டை நல்ல விலைக்கு விற்றுக் கடனை அடைத்துச் சிறிய வீட்டுக்குப் போக நினைப்பார். அதற்கு அவர் மாவட்ட நீதிமன்றத்தில் மனு போட்டு, விற்பது பிள்ளைகளின் நன்மைக்குத்தான் என்று மெய்ப்பிக்க வேண்டும். வாங்க வந்தவர் அதுவரை காத்திருக்க மாட்டார்.

அடுத்து அம்மாவின் 300 சதுர அடி. அவர் காலத்துக்குப் பிறகு அது அவருடைய பிள்ளைகளுக்குப் போகும். உங்கள் அண்ணனுக்கு 100, தங்கைக்கு 100, உங்கள் இடத்தில் உங்கள் பிள்ளைகள் இருவருக்கும் சேர்த்து 100. நீங்கள் கடன் வாங்கிக் கட்டிய வீட்டில் உங்கள் அண்ணனுக்கு நூறு சதுர அடி! அவர் நல்லவராக இருக்கலாம், கேட்காமலும் இருக்கலாம். ஆனால் அவர் கையெழுத்து இல்லாமல் அந்த வீட்டை முழுதாக விற்க முடியாது. அவருக்குப் பிறகு அவர் பிள்ளைகளின் கையெழுத்து. பங்கு கேட்டு அவர் வழக்குப் போட்டால் சட்டம் அவர் பக்கம் நிற்கும். நான் பார்த்த பாகப்பிரிவினை வழக்குகளில் பெரும்பாலானவை பேராசையால் தொடங்கியவை அல்ல. இப்படி எங்கிருந்தோ வந்து சேர்ந்த சிறிய பங்குகளால் தொடங்கியவை.

தங்கைக்கு உங்களிடமிருந்து நேராக எதுவும் வராது. உடன்பிறந்தவர்கள் இரண்டாம் வகை வாரிசுகள். முதல் வகையில் ஒருவர் இருந்தாலும் அவர்களுக்குப் பங்கு இல்லை. உங்கள் கூரையின் கீழ் இருக்கும் அவருக்கு அங்கே தங்கும் உரிமைகூட உங்கள் வழியாகக் கிடையாது.

வசதியானவர்களுக்குத்தானே என்று கேட்டீர்கள். முன்னாள் முதல்வர் ஜெயலலிதா 2016 டிசம்பர் 5 அன்று மறைந்தார். அவர் எழுதிய உயில் என்று எதுவும் நிலைநிறுத்தப்படவில்லை. அண்ணன் பிள்ளைகளான தீபாவும் தீபக்கும்தான் சட்டப்படியான வாரிசுகள் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது 2020 மே மாதம். போயஸ் தோட்டத்து வேதா நிலையத்தை அரசு கையகப்படுத்தியது செல்லாது என்று தீர்ப்பு வந்தது 2021 நவம்பரில். ஐந்து ஆண்டுகள். அந்த அளவு சொத்து ஐந்து ஆண்டு வழக்கைத் தாங்கும். பத்து மெஷின் வைத்திருக்கும் யூனிட் ஐந்து மாதம்கூடத் தாங்காது. ஆகவே, சிறிய சொத்து உள்ளவருக்குத்தான் உயில் அதிகம் தேவை என்பேன்.

நாமினி விஷயத்துக்கு வருகிறேன். நாமினி போட்டது நல்லது. பணம் வங்கியிலிருந்து சிக்கலில்லாமல் வெளியே வரும். ஆனால் வங்கிக் கணக்கில் நாமினி என்பவர் பணத்தை வாங்கிக்கொள்ளும் கை மட்டுமே, சொந்தக்காரர் அல்ல. வாரிசுகள் கேட்டால் அவர் பிரித்துக் கொடுத்தாக வேண்டும். ஆயுள் காப்பீட்டைப் பற்றி உச்ச நீதிமன்றம் 1983-லேயே இதைச் சொன்னது. 2015-இல் காப்பீட்டுச் சட்டம் திருத்தப்பட்டு, பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் தொகை அவர்களுக்கே உரியது என்றானது. கம்பெனிப் பங்குகளின் நாமினி சொந்தக்காரர் ஆகிவிடுவதில்லை என்று 2023 டிசம்பரில் மீண்டும் ஒரு தீர்ப்பு வந்தது. ஆக, எல்லா நாமினியும் ஒன்றல்ல. வங்கிக் கணக்கில் 2025 நவம்பர் 1 முதல் நான்கு பேர் வரை நாமினி போட்டு, யாருக்கு எத்தனை சதவீதம் என்றும் குறிப்பிடலாம். உயிலில் ஒரு பெயரும் நாமினி படிவத்தில் வேறு பெயரும் இருந்தால் அதுவே தகராறுக்கு வித்து. இரண்டையும் ஒரே நாளில் உட்கார்ந்து சரிபார்த்துவிடுங்கள். கல்யாணத்துக்கு முன்பு தொடங்கிய பழைய கணக்கில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். அதை மாற்ற மறந்தவர்கள் ஏராளம்.

வீட்டை இப்போதே மனைவி பெயருக்கு செட்டில்மெண்ட் எழுதலாமா? உங்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். செட்டில்மெண்ட் பத்திரம் பதிவான அன்றே வீடு கைமாறிவிடும்; மனம் மாறினால் திரும்பப் பெறுவது மிகக் கடினம். மேலும் உங்கள் மூலப் பத்திரம் வங்கியிடம் அடமானத்தில் இருக்கும். அவர்கள் சம்மதம் இல்லாமல் செய்யக் கூடாது. அதைவிட, யூனிட்டுக்கு நாளை இன்னொரு கடன் வேண்டியிருந்தால் இந்த வீடுதான் உங்கள் கையில் இருக்கும் ஒரே ஈடு. உயில் நீங்கள் இருக்கும்வரை உங்களை எதிலும் கட்டாது. எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். கடைசியாக எழுதியதுதான் செல்லும்.

உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம். வெள்ளைத்தாள் போதும், தமிழிலேயே எழுதலாம். 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் கேட்பது இதுதான்: நீங்கள் கையெழுத்திட வேண்டும்; குறைந்தது இரண்டு சாட்சிகள் அதைப் பார்த்து உங்கள் முன்னால் கையெழுத்திட வேண்டும். சாட்சிகளைத் தேர்ந்தெடுப்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். மரியாதைக்காக எழுபது வயதுப் பெரியவர்களைப் பிடித்துக் கையெழுத்து வாங்குவார்கள். பிற்காலத்தில் உயிலை நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டி வந்தால், சாட்சிகளில் ஒருவராவது கூண்டில் ஏறிச் சொல்ல வேண்டும். அதனால் உங்களைவிட இளையவராக, ஊரை விட்டுப் போகாதவராக, உயிலில் ஒரு பைசாவும் பெறாதவராகப் பாருங்கள். குடும்ப மருத்துவர் ஒருவர் சாட்சியாக இருந்தால் நீங்கள் தெளிந்த மனநிலையில் எழுதியதற்கும் அவரே ஆதாரம்.

பதிவு கட்டாயமில்லை. ஆனாலும் பதிவு செய்யுங்கள். கையெழுத்தே போலி என்று சொல்பவரின் வாயைப் பாதி அடைக்கும். அண்ணனுக்குத் தெரிந்துவிடுமோ என்ற தயக்கம் இருந்தால், தெரியாது. உயில்களுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் தனிப் புத்தகம். வில்லங்கச் சான்றில் வராது. நீங்கள் உயிரோடு இருக்கும்வரை நகல் உங்களுக்கோ உங்கள் முகவருக்கோ மட்டும்தான் கிடைக்கும்.

இனி என்ன எழுதுவது. என் யோசனை, அம்மாவும் தங்கையும் அங்கே வசிக்கும் உரிமைக்கு மட்டும் உட்பட்டு (அந்த வாசகம் கடைசியில்), வீட்டை முழு உரிமையோடு மனைவிக்கு எழுதுங்கள். “ஆயுள் வரை மனைவி அனுபவித்து, பிறகு பிள்ளைகளுக்கு” என்று எழுதத்தான் எல்லோருக்கும் கை போகும். பாசமாகவும் தெரியும். ஆனால் அப்படி எழுதினால் மகளின் படிப்புக்காக அவர் வீட்டை விற்கவும் முடியாது, அடமானம் வைக்கவும் முடியாது. பதினைந்து ஆண்டுகளாக உங்களோடு கடன் கட்டிய பெண்ணை நம்பலாம். உங்களுக்கு முன்னால் அவர் இறந்துவிட்டால் பிள்ளைகளுக்குச் சமமாக என்று அடுத்த வரியில் சேர்த்துவிடுங்கள். குறிப்பிடாத சொத்துகளும் இனி வாங்கப் போகும் சொத்துகளும் யாருக்கு என்று ஒரு வரி அவசியம். இது விட்டுப்போன உயில்கள் எத்தனையோ. அப்பா நிலத்தில் உங்களுக்குள்ள கால் பங்கையும் உயிலில் எழுதலாம். ஆனால் அதைவிட, அம்மா இருக்கும்போதே அண்ணனைக் கூப்பிட்டுப் பாகப்பிரிவினைப் பத்திரம் போட்டுவிடுவது மேல். அம்மா கூப்பிட்டால் வருவார். அம்மாவுக்குப் பிறகு நீங்கள் கூப்பிட்டால் வருவாரா என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

சர்வே எண், பத்திர எண், கதவு எண், நான்கு எல்லை எல்லாம் மூலப் பத்திரத்தில் உள்ளபடியே இருக்கட்டும். உயிலை நிறைவேற்ற ஒருவரை நியமியுங்கள்.

இதே நாளில் உங்கள் மனைவியும் ஓர் உயில் எழுத வேண்டும். தனக்கு என்ன சொத்து இருக்கிறது என்று அவர் கேட்பார். கழுத்திலும் கையிலும் இருப்பது சொத்துதான். அதைவிட முக்கியம், நீங்கள் இருவரும் ஒரே பைக்கில் போகிறவர்கள். இருவருக்கும் ஒன்றாக ஏதாவது நேர்ந்தால் இரண்டு பிள்ளைகளும் யார் வீட்டில் வளர வேண்டும் என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். இருவர் உயிலிலும் ஒரே காப்பாளரின் பெயர் இருக்கட்டும். அவரிடம் முதலில் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்ததிலிருந்து என் மனம் தங்கையிடம்தான் நிற்கிறது. நீங்கள் அவருக்காக எதுவும் கேட்கவில்லை. நான் சொல்லியே ஆக வேண்டும்.

நாராயணி தேவி என்ற பெண்ணுக்கு 1955-இல் திருமணம் நடந்தது. மூன்றே மாதத்தில் கணவர் பாம்பு கடித்து இறந்தார். புகுந்த வீடு அவரை வெளியே அனுப்பிவிட்டது. பெற்றோர் வீட்டுக்கு வந்து, படித்து, வேலைக்குப் போய்ச் சம்பாதித்தார். 1996-இல் உயில் எழுதாமல் இறந்தார். வங்கியிலும் வருங்கால வைப்பு நிதியிலும் கணிசமான பணம் இருந்தது. வளர்த்துப் படிக்க வைத்த தாய் உயிரோடு இருந்தார். பணம் யாருக்குப் போனது தெரியுமா? நாற்பது ஆண்டுகளாக அவரைத் திரும்பிப் பார்க்காத கணவர் வீட்டாருக்கு, கணவருடைய சகோதரியின் மகன்களுக்கு. 2009-இல் உச்ச நீதிமன்றமும் சட்டம் அப்படித்தான் இருக்கிறது, அனுதாபத்தின் பேரில் அதை மாற்றிப் படிக்க முடியாது என்று சொல்லிவிட்டது.

அதே சட்டம்தான் இன்றும் உங்கள் தங்கைக்கும். குழந்தையில்லாத கைம்பெண் உயில் இல்லாமல் இறந்தால், அவர் உழைத்துச் சேர்த்தது முதலில் கணவரின் வாரிசுகளுக்குப் போகும். அந்தப் பக்கம் யாருமே இல்லையென்றால்தான் பெற்ற தாய்க்கு. பெற்றோரிடமிருந்து வந்த பங்கு மட்டும் அப்பாவின் வாரிசுகளுக்குத் திரும்பும். அவருடைய பி.எஃப்., வங்கிச் சேமிப்பு, வாங்கி வைத்த நகை எல்லாம் அவர் விரும்புகிறவருக்குப் போக ஒரே வழி அவர் கையெழுத்திட்ட ஒரு தாள். பெண்கள், குறிப்பாக இந்துப் பெண்கள், உயில் எழுதி வைக்க வேண்டும் என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றமே கேட்டுக்கொண்டிருக்கிறது. உங்கள் வீட்டில் முதலில் எழுத வேண்டியவர் நீங்கள் அல்ல, அவர்தான் என்றுகூடச் சொல்வேன். யாருக்கு எழுதுகிறார் என்பதை அவர் விருப்பத்துக்கு விட்டுவிடுங்கள். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்காதீர்கள்.

இந்தப் பதிலைப் படிக்கும் மற்ற மதத்தினருக்குக் கணக்கு வேறு. கிறிஸ்தவர் உயில் இல்லாமல் இறந்து மனைவியும் பிள்ளைகளும் இருந்தால் மனைவிக்கு மூன்றில் ஒன்று, பிள்ளைகளுக்கு மீதி. தாய்க்கு எதுவும் இல்லை. இஸ்லாமியர் உயிலால் பொதுவாக மூன்றில் ஒரு பங்கைத்தான் எழுத முடியும். அதற்கு மேல் வாரிசுகளின் சம்மதம் வேண்டும்.

உயிலோடு ஒரு நோட்டுப் புத்தகமும் வையுங்கள். எந்த வங்கியில் என்ன கணக்கு, பாலிசி எண்கள், நகைக் கடன் ரசீது எங்கே, சீட்டு யாரிடம், யூனிட்டுக்கு யார் பாக்கி, நீங்கள் யாருக்குப் பாக்கி, கைமாற்று உட்பட. கடனை மறைக்காதீர்கள். நாளை எவரோ வந்து பத்து லட்சம் கொடுத்தேன் என்று சொன்னால் உங்கள் மனைவி எதைக் காட்டுவார்? பத்து ஆண்டுகள் யாரும் தொடாத வங்கிப் பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடுகிறது. வாரிசுகள் கேட்டுப் பெறலாம். தேடுவதற்கு 2023-இல் உத்கம் என்றொரு இணையதளமும் திறந்திருக்கிறார்கள். அப்படி ஒரு கணக்கு இருந்ததே தெரியாதவர் எதைத் தேடுவார்? தொழில் கடன் கழுத்தை நெரிக்கும் என்ற பயம் இருந்தால், அடுத்து எடுக்கும் ஆயுள் காப்பீட்டை 1874-ஆம் ஆண்டின் திருமணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின் கீழ் எடுங்கள். விண்ணப்பிக்கும்போதே கேட்க வேண்டும். அந்தத் தொகையில் கடன்காரர்கள் கை வைக்க முடியாது.

மனைவியின் கண்ணீருக்கு என்னிடம் சட்டப் பதில் இல்லை. சென்ற மாதம் இறந்த நண்பரின் வீட்டுக்கு இருவரும் ஒரு முறை போய்விட்டு வாருங்கள். எந்தெந்த அலுவலகத்துக்கு அலைகிறார்கள் என்று அந்தப் பெண்ணிடம் உங்கள் மனைவி கேட்கட்டும். திரும்பி வரும் வழியில் நீங்கள் எதுவும் பேச வேண்டியிருக்காது.

அம்மாவின் பயம் வேறு. உயில் எழுதினால் சட்டம் கொடுக்கும் கால் பங்கு போய்விடும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். அது உண்மைதான். அதனால் அவருடைய பத்தியை முதலில் எழுதுங்கள், வீடு யாருக்கு என்ற பத்திக்கும் முன்னால். எழுதியதும் கூடத்தில் எல்லோர் முன்னிலையிலும் அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். நீங்கள் கட்டிய அறை எது என்று எனக்குத் தெரியாததால் ஓர் இடத்தை மட்டும் விட்டு, வாசகத்தை நானே தருகிறேன்:

“என் தாயார் தம் ஆயுள் முழுவதும் மேற்படி வீட்டில், இப்போது அவர் வசித்து வரும் ........ அறையில், எவ்வித வாடகையும் இன்றி வசிக்க முழு உரிமை உடையவர். அவருடைய உணவு, உடை, மருத்துவச் செலவு அனைத்தையும் என் சொத்திலிருந்து என் மனைவி ஏற்க வேண்டியது. அவர் உயிருடன் இருக்கும் வரை, அவருடைய எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமலும், அவர் வசிக்கத் தக்க வேறு வீடு ஏற்பாடு செய்யாமலும் மேற்படி வீட்டை விற்கக் கூடாது. என் தங்கைக்கும், அவர் விரும்பும் காலம் வரை இந்த வீட்டில் வசிக்கும் உரிமை உண்டு.”